நல்ல ரத்தம் என்று ஒரு வார்த்தை

போன வாரம், ஃபீல்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள்: "மேடம், இத்தனை வருஷ ஃபீல்டு வேலையில நீங்க ரொம்பப் பயந்தது எதுக்கு?" அவள் என்ன எதிர்பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். கரண்டு போய் ஃப்ரீசர் நின்றுவிட்டது, வெயிலில் ரத்தம் கெட்டுப்போனது, ஐஸ் பெட்டியோடு நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டோம் என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாள். அதெல்லாமும் நடந்திருக்கிறது. அதற்கெல்லாம் ஏதாவது ஒரு வழி கிடைத்துவிடும். நான் பயந்தது, கல்யாணம் பேசி முடித்த ஒரு குடும்பம் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தபோது. இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். நானும் கூடவே சிரித்து வைத்தேன். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. வேலூரில் நர்ஸ் படிப்பை முடித்து, கொஞ்ச காலம் வார்டில் இருந்துவிட்டு, தொண்ணூறுகளில் தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் நோய்களைக் கணக்கெடுக்கும் ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். அப்போது எங்கள் கேள்விகள் எளிமையானவை. யாருக்கு மூச்சிரைப்பு, யாருக்குத் தோலில் வெடிப்பு, எந்தத் தெருவில் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கின்றன. வீடு வீடாகப் போவோம், கேட்போம், எடை பார்ப்போம், பஸ் பிடித்துத் திரும்பி வருவோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு கேள்வி உடம்புக்குள் இறங்கிவிட்டது. கர்ப்ப காலத்தில் தாய் குடித்த தண்ணீரும் சுவாசித்த காற்றும் பிள்ளையின் மரபணு வேலை செய்யும் விதத்தை மாற்றுகின்றனவா என்று பார்க்கத் தொடங்கினோம். மரபணு அப்படியேதான் இருக்கும். அதில் எது வேலை செய்யலாம், எது சும்மா இருக்கலாம் என்று உடம்பு அதன்மேல் வைக்கும் குறிகள்தான் மாறும். அந்தக் குறிகளைத் தேடிக் கர்ப்பிணிகளின் ரத்தத்தையும் தொப்புள்கொடி ரத்தத்தையும் சேகரித்தோம். உங்களுக்கு இது முதல் வகுப்புப் பாடம். தெருவில் நின்றுகொண்டு, இடுப்பில் குடத்தோடு அவசரமாகப் போகிற பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி.

ஆம்பூரில் தோல் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில்தான் இது நடந்தது. தெருவின் பெயர் வேண்டாம், ஏற்கெனவே அது பட்ட பெயர் போதும். போர் போட்டால் மஞ்சளாகத் தண்ணீர் வரும். துணி துவைத்தால் துணியும் மஞ்சளாகும். குடிக்கிற தண்ணீருக்கு லாரி வர வேண்டும், அது வந்தால் வந்த மாதிரி. நாங்கள் முதல் முறை போனபோது ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய் விற்கிறோம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

அந்தக் கதவுகளை எங்களுக்குத் திறந்துவிட்டவள் ஸ்டெல்லா. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. அவளுடைய அக்காவுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே தங்கவில்லை, அப்போது இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள். ஸ்டெல்லா கம்பெனி வேனிலிருந்து இறங்கிய கையோடு, முகம்கூடக் கழுவாமல், எங்களோடு வீடு வீடாக வருவாள். "இன்னாக்கா, ஒரு ஸ்பூன் ரத்தம். கொசுவுக்குக் குடுக்கறத விடக் கம்மிதான். நம்ம தண்ணியப் பத்தி யாராவது எழுதினாத்தான எவனாவது கேப்பான்?" என்பாள். பெண்கள் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். எங்கள் ஆய்வில் அந்தத் தெரு இடம்பெற்றது அவளால்தான். முதலில் கையெழுத்துப் போட்டது அவளுடைய அக்கா; அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தமும் எடுத்தோம்.

எங்கள் தலைமை ஆய்வாளரை நாங்கள் பெரிய டாக்டர் என்று கூப்பிடுவோம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். ரத்தம் கொடுத்த சனங்களுக்கு என்ன தேடுகிறோம் என்று புரியும்படி சொல்லியே ஆக வேண்டும் என்பார். அந்தக் காலத்தில் அப்படி நினைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எப்படிச் சொல்வது என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, தோல் ஊரில் தோலை வைத்தே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். எங்களுக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். பெரிய டாக்டர் மேஜைமேல் பதனிட்ட தோல் ஒன்றை விரித்தார். சாக்பீஸ் எடுத்தார்.

"இந்தத் தோல்தான் மரபணு. அப்பா அம்மா குடுத்தது. இது மாறாது. ஆனா உடம்பு இது மேல இந்த மாதிரிக் கோடு போடுது. இங்க வேலை நடக்கட்டும், இங்க வேணாம்னு சொல்ற கோடு. கெட்ட தண்ணி, புகை, பட்டினி, இதனாலெல்லாம் இந்தக் கோடு மாறலாம். அம்மாகிட்ட இருக்கற கோடு கொஞ்சம் பிள்ளைகிட்டயும் தெரியலாம். அதைத்தான் நாங்க பாக்கறோம்." பிறகு ஈரத்துணியை எடுத்துக் கோட்டைத் துடைத்துக் காட்டினார். "பாருங்க, அழிக்கவும் முடியும். யாரும் பயப்பட வேணாம்."

ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று சந்தோஷமாக பிஸ்கட்டும் டீயும் கொடுத்து அனுப்பினோம்.

புரிந்துதான் இருந்தது. ஷூ கம்பெனியில் தோலை வெட்டுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், ஓட்டை எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் கோடு போடுவார்கள். கோடு ஜாஸ்தியானால் அந்தத் தோல் செகண்ட்ஸ். ஏற்றுமதிக்குப் போகாது. கோட்டைத் துடைத்துவிட்டு நல்ல தோலோடு சேர்த்து வைப்பவனுக்கு அங்கே திருடன் என்று பெயர், அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் இந்த வேலையின் ஏதோ ஒரு மூலையில் இருப்பவர்கள். வேலூரிலிருந்து போன நாங்கள் ஷூவைக் காலில் போட்டிருந்தோம், அவ்வளவுதான். நாங்கள் சொன்னதாக ஊர் எடுத்துக்கொண்டது இதுதான்: அந்தத் தெருப் பெண்களின் ரத்தத்தில் கோடு விழுந்திருக்கிறது, அது பிள்ளைக்கும் போகும், டாக்டர்கள் துடைத்து மறைக்கப் பார்க்கிறார்கள்.

மாதம் திரும்புவதற்குள் அந்தத் தெருவுக்கு செகண்ட்ஸ் தெரு என்று பெயர் வந்துவிட்டது.

நீங்கள் ஒரு ஊருக்கு எதையாவது விளக்கப் போனால், அந்த ஊர்ப் பொருளை எடுத்துக் காட்டுவது நல்லதுதான். ஆனால் எடுப்பதற்கு முன்னால் அது அங்கே என்ன வேலைக்குப் பயன்படுகிறது என்று ஒரு நாளாவது நின்று பாருங்கள். கூட்டத்தில் கேள்வியே வரவில்லை என்றால் அன்றைக்கு டீ கொடுக்காதீர்கள். உட்கார வைத்து, "நான் சொன்னதை நீங்க உங்க வீட்ல எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் விஷயம் வெளியே வந்திருக்கும்.

ஸ்டெல்லாவுக்குத் திருப்பத்தூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் எலக்ட்ரீஷியன். ஒருமுறை ஆபீஸுக்கு வந்தபோது அவன் போட்டோவை எங்களுக்குக் காட்டிவிட்டு வெட்கத்தில் கைப்பையை மூடத் தெரியாமல் நின்றாள். தகப்பன் இல்லாத வீடு. அம்மாவும் அவளுமாகச் சேர்த்துச் செய்கிற கல்யாணம். கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் கிறிஸ்தவக் கல்யாணங்களில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் வாசிப்பார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார்கள். இரண்டாவது ஓலைக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள்.

ஆபீஸ் என்றால் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. மாப்பிள்ளையின் அப்பா, அக்கா, மாப்பிள்ளை. பையன் தலையைத் தூக்கவேயில்லை. அப்பாதான் ஆரம்பித்தார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஊர்ல ஒரு பேச்சு கீது. அதான் நேர்லயே கேட்டுட்டுப் போய்டலாம்னு வந்தோம்."

அவர் சுற்றி வளைப்பது மாப்பிள்ளையின் அக்காக்காரிக்குப் பொறுக்கவில்லை. "பொண்ணோட அக்கா ரத்தத்தையும் கொழந்த ரத்தத்தையும் நீங்கதான எடுத்தீங்க? அதுல கோடு இருக்குதாமே. இருக்குதா இல்லியா?"

ரத்தப் புட்டிகளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும், யாருடையது எது என்று எனக்கே தெரியாது என்றேன். ஸ்டெல்லாவுடைய அக்காவின் ரத்தம் ஸ்டெல்லாவின் ரத்தம் ஆகாது என்றேன். கடைசியாக, "அந்தக் கோடு உங்க ரத்தத்துலயும் இருக்குதும்மா. என் ரத்தத்துலயும் இருக்குது. அது இல்லாம ஒடம்பே இல்ல. அது ரிஜெக்ட் பண்ற கோடு கிடையாது," என்றேன்.

"எல்லாருக்கும் இருக்குதுன்னா அந்தத் தெருவுல மட்டும் எதுக்கு எடுக்கறீங்க?"

"அங்க மட்டும் இல்லம்மா. தோல் கம்பெனியே இல்லாத ஒடுகத்தூர்ப் பக்கமும் எடுக்கறோம்."

"அது எதுக்கு?"

"ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்க."

"அப்போ வித்தியாசம் இருக்குதுன்னுதான அர்த்தம்?" என்றாள். "நானும் ஷூ கம்பெனிலதான், தோலுக்குக் கோடு போடற செக்கிங்ல இருக்கறேன் சிஸ்டர். எனக்குத் தெரியாதா?"

நான் இன்னொரு தடவை ஆரம்பித்தேன். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு சிஸ்டர்? பொண்ணு ரத்தம் நல்ல ரத்தம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாங்க எழுந்து போய்ட்றோம்."

"ஸ்டெல்லா ரத்தத்த நாங்க எடுக்கவே இல்லீங்களே."

"அப்போ இப்ப எடுங்க," என்றாள் அக்காக்காரி.

உள் அறைக்குப் போய் பெரிய டாக்டருக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "அந்தச் சாக்பீஸ நான் கையில எடுத்திருக்கவே கூடாது," என்றார். நான் எதிர்பார்த்தது உத்தரவு. எதையாவது சொல்லித் தொலையுங்கள் டாக்டர், செய்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தது. அவர் உத்தரவு போடவில்லை. "நீங்க எந்த முடிவெடுத்தாலும் அது என் முடிவுன்னு நான் எழுதிக் குடுக்கறேன்," என்றார். பெரிய மனசுதான். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குப் பாரமாகத்தான் இருந்தது.

ஒரு வார்த்தைதான். சொன்னால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும். சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் அந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். இன்றைக்கு ஸ்டெல்லாவுக்கு நல்ல ரத்தம் என்று சொன்னால், நாளைக்கு அடுத்த வீட்டுச் சம்பந்திகள் வருவார்கள். அதற்கு அடுத்த வீட்டுக்கும் வருவார்கள். என்றைக்கு நான் ஒரு நிமிஷம் தயங்குகிறேனோ அன்றைக்கு அந்தப் பெண் தீர்ந்தாள். ரத்தத்தை எடுத்துச் சொல் என்று வேறு கேட்கிறார்கள். ஒருத்திக்கு எடுத்தால் பிறகு அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் கையை நீட்டாமல் தாலி கட்டிக்கொள்ள முடியாது. இப்படி நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று சொல்கிற பரிசோதனை உலகத்திலேயே இல்லை. இல்லாத ஒன்றுக்கு நான் சான்று கொடுக்கிற ஆளாகிவிடுவேன்.

வெளியே வந்து சொன்னேன். "யாரோட ரத்தத்தப் பத்தியும் நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லீங்க. நல்லதுன்னும் சொல்ல மாட்டோம், கெட்டதுன்னும் சொல்ல மாட்டோம். ஸ்டெல்லா தங்கமான பொண்ணு. அத வேணும்னா எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன்."

பெரியவர் எழுந்தார். "புரிஞ்சிடுச்சி சிஸ்டர்," என்றார். அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்கும் புரிந்தது. பையன் கடைசியாக இறங்கினான். படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஏதாவது கேட்பான் என்று நின்றேன். கீழேயிருந்து அப்பா கூப்பிட, இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் சனிக்கிழமை. ஸ்டெல்லா வேலைக்குப் போகாமல் நேராக ஆபீஸுக்கு வந்தாள். நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கையை மேஜைமேல் நீட்டினாள்.

"எடுங்க சிஸ்டர்."

"ஸ்டெல்லா, கேளும்மா..."

"எடுத்து நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க. நல்லா இல்லன்னாலும் சொல்லுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

முந்தின நாள் உள் அறையில் யோசித்ததை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். அந்தத் தெருவில் இருக்கும் மற்றப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்தவர்கள்தான். அவளோடு ஒரே வேனில் போகிறவர்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கையை மட்டும் மேஜையிலிருந்து எடுக்கவில்லை. கீழே கடையில் அண்டாவைத் திறந்திருப்பார்கள் போலிருக்கிறது, பிரியாணி வாசனை மாடி முழுக்க நிறைந்தது. அன்றிலிருந்து எனக்கு அந்த வாசனை ஆகவில்லை. நான் பேசி முடித்ததும் அவள் மெதுவாகக் கையை மடக்கிக்கொண்டாள். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை.

பெரிய டாக்டர் சும்மா இருக்கவில்லை. திருப்பத்தூருக்கே போய் அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் நின்று, தான் சொன்ன விதம்தான் தவறு, பெண்ணிடம் குறையில்லை என்று கெஞ்சியிருக்கிறார். மரியாதையாக உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதே பள்ளிக்கூட ஹாலில் இன்னொரு கூட்டம் போட்டோம். இந்த முறை தோலும் இல்லை, சாக்பீஸும் இல்லை. வந்தவர்களும் கொஞ்சம் பேர்தான். ஒரு ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அதைத் திரும்பப் பிடித்துவர எந்தக் கூட்டத்தாலும் முடியாது. டாக்டர் அதற்குப் பிறகு எங்கேயும் மேடையேறி விளக்கவில்லை. அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். அவர் இப்போது இல்லை.

அதற்குப் பின் அந்தத் தெருவில் கல்யாணங்கள் நடந்தன. சில தள்ளிப் போயின, சில வேறு காரணத்தால் நின்றன. ஆனால் ரத்தத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு எந்தச் சம்பந்தி வீட்டாரும் எங்கள் மாடிப்படி ஏறவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், ஸ்டெல்லா விஷயத்திலேயே சொல்லவில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான் கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது. ஆய்வு முடிவு மட்டும் அந்தக் கணக்கு மாதிரித் தெளிவாக வரவில்லை. வித்தியாசம் இருப்பது போலத் தெரிந்தது, ஆனால் அது தண்ணீராலா, புகையாலா, சாப்பாட்டுக் குறையாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் லாரி பழையபடி வந்தால் வந்த மாதிரிதான்.

அடுத்த வருஷம் குழந்தைகளுக்கு மறுபடியும் ரத்தம் எடுக்கும் சுற்று வந்தது. இந்தத் தெருவை விட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்னார். விட்டால், அந்தப் பெண்களிடம் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது, அதனால்தான் ஆய்வுக்காரர்கள் ஓடிவிட்டார்கள் என்று ஊர் பேசும் என்று நான்தான் போனேன்.

பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஆனால் யாரும் என்னைப் பார்த்துப் பேசவில்லை. எல்லோரும் ஸ்டெல்லாவின் வீட்டைப் பார்த்தார்கள். அவள் வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். அக்கா பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.

"குடுக்கலாமா ஸ்டெல்லா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"உங்க இஷ்டம்க்கா," என்றாள். "தண்ணி இன்னும் மஞ்சளாத்தான வருது. எதுக்கு, என்னான்னு முழுசாக் கேட்டுட்டுக் குடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். விலாசம் விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

"ஒரு ஸ்பூன் ரத்தத்துக்கு எங்கக்காகிட்ட படிச்சிக் காட்டி, புரியுதான்னு ரெண்டு தபா கேட்டு, கையெழுத்து வாங்கினீங்க. மத்த பொண்ணுங்களுக்காக என் கல்யாணத்த எடுத்தீங்களே, அதுக்கு என்கிட்ட கேக்கலியே சிஸ்டர்?"

கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. அவள் பிள்ளையின் கையைப் பிடித்து என் முன்னால் நீட்டினாள். அழாமல் இருக்க அதன் முகத்தைத் தன் தோளில் திருப்பி வைத்துக்கொண்டாள். நான் பஞ்சால் துடைத்து, நரம்பு தேடி, ஒரே குத்தில் ரத்தம் எடுத்தேன். புட்டியில் வழக்கம்போலப் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் எழுதினேன்.